மத்துரேன் கதவைக் கழற்றிய வீடு

ஜனவரி 6, 1998. செவ்வாய். மொன்றியல்.

நேற்றுத் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. மழை என்று சொல்வதும் சரியில்லை. விழும்போது தண்ணீர், தொட்ட இடத்தில் கண்ணாடி. தெருவில் மின்கம்பிகள் என் கைவிரல் மொத்தத்துக்குப் பனிக்கட்டி கட்டித் தொங்குகின்றன. எதிர்வீட்டு மேப்பிள் மரம் மத்தியானம் இரண்டாகப் பிளந்து ஒரு காரின் மேல் படுத்துவிட்டது. பின்னேரம் மின்சாரம் போயிற்று. இந்த ஊர் வீடுகளில் சூடும் மின்சாரம், அடுப்பும் மின்சாரம். ஒன்று போனால் எல்லாம் போச்சு.

மருமகன் லூக் போர்வையைச் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தார். கௌரி கற்றுக்கொடுத்த தமிழ் அவருடையது.

"மாமா, என்ர அப்பா வீட்ட போவம். அங்க விறகு அடுப்பு இருக்கு."

"கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதில்லைத் தம்பி."

"நான் கூப்பிடுறன்தானே?"

"நீர் வீட்டுக்காரர் இல்லை."

காரணத்தை எழுதி வைக்கிறேன், பிறகு ஒருவரும் என்னில் பிழை சொல்லக் கூடாது. 1991 ஆவணியில் என் மகள் கௌரிக்கும் லூக்குக்கும் கல்யாணம். அடுத்த நாள் சம்பந்தக் கலப்பு. எங்கள் யாழ்ப்பாணத்தில் இரண்டு வீட்டாரும் ஒரு பந்தியில் இருந்து சாப்பிட்டால்தான் சம்பந்தம் முழுமை. நான் விடியற்காலையில் எழும்பி நானே சமைத்தேன். லூக்கின் தகப்பன் ரெஜான் வரவில்லை. தாயும் வரவில்லை. இலை போட்டபடி கிடந்தது. அன்றிலிருந்து அந்த மனிதரின் படியை நான் மிதித்ததில்லை. அவரும் என் படியை மிதித்ததில்லை.

ஜனவரி 7, புதன். ரிஷெலியு ஆற்றங்கரை.

வந்துவிட்டேன். லூக் சொன்னதற்காக அல்ல. காலையில் கௌரி தூங்கும்போது அவள் மூச்சு வீட்டுக்குள்ளேயே புகையாய்ப் போவதைப் பார்த்தேன். அவளுக்கு இப்போது ஆறு மாதம். எத்தனையோ வருடம் காத்திருந்து வந்த பிள்ளை.

ரெஜான் படிக்கட்டின் மேல் நின்றார். பெரிய உடம்பு, நரைத்த மீசை. அவர் "வாங்கோ" என்று சொல்லவில்லை. நான் ஏறவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி ஜினெட் "வாருங்கள், வாருங்கள்" என்று கத்தினார். கூப்பிட வேண்டியது அவர் அல்ல. முற்றத்தின் பின்பக்கம் மரத்தால் கட்டிய ஒரு பழைய கட்டடம் தெரிந்தது. குடையால் காட்டி, அது என்ன என்று கேட்டேன்.

"அப்பான்ர தச்சுப் பட்டறை, மாமா."

"நான் அங்க இருக்கிறன்."

"அப்பா, உங்களுக்கென்ன விசரே?" என்றாள் கௌரி.

ரெஜானுக்கு ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை. அவர் இறங்கி வந்து, என்னைத் தாண்டிப் போய், பட்டறையைத் திறந்து, இரும்பு அடுப்பில் நெருப்பு மூட்டினார். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர். முற்றம் முழுவதும் பனிக்கட்டி. கௌரி சறுக்கப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து முதலில் அவளைப் பட்டறைக்குள் கூட்டிப்போய் அடுப்படியில் இருத்தினேன். கால் சூடானபின்தான் பெரிய வீட்டுக்குப் போகவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்.

இந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. சதுரமாய்ச் செதுக்கிய பெரிய பெரிய மரங்களை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிய சுவர். தாழ்ந்த கூரை. மரச்சீவல் மணம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடைச் சாமான் அறையில் மண்ணெண்ணெய் மணத்தில் படுத்து மனேஜர்வரை வந்தவன் நான். எனக்கு இது மாளிகை.

தார்ப்பாய் போட்டு மூடிய நீளமான பெட்டி ஒன்று சுவரோரம் இருக்கிறது. கட்டில் உயரம். அதன்மேல் மெத்தையைப் போட்டுக்கொண்டேன். எந்தப் பக்கம் புரண்டாலும் ஒரு கிரீச் சத்தம் இல்லை. செய்தவன் கைகாரன்.

பிள்ளையார் படத்தை யன்னலில் வைத்தேன். உடுப்புக்கு ஒரு பையும் அரிசி பருப்புக்கு மூன்று பையும் கொண்டுவந்ததற்குக் கௌரி சிரித்தாள். இப்போது ஆர் சிரிக்கிறது? என் சோறு, என் அடுப்பு. அந்த வீட்டுச் சோற்றில் எனக்கு ஒரு பருக்கையும் தேவையில்லை.

ஜனவரி 9, வெள்ளி.

மழை. சோறு, பருப்பு, ரசம். நல்ல நித்திரை.

ஜனவரி 11, ஞாயிறு.

மழை நின்றுவிட்டது. இனிக் குளிர். ஊரெல்லாம் இருட்டு. மின்கம்பங்கள் வரிசையாய்ச் சாய்ந்து கிடக்கின்றனவாம்.

ரெஜான் காலையில் பட்டறைக்கு வந்துவிடுகிறார். விறகு வெட்டி வெட்டி ஊரில் எல்லோருடைய கோடரிப் பிடியும் முறிகிறது. அவர் புதுப்பிடி செய்து கொடுக்கிறார். முதல்நாள் கதவைத் தட்டாமல் வந்தார். அவருடைய பட்டறைதான். ஆனாலும் ஒரு மனிதன் குடியிருக்கிற இடம். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி இருந்தேன். அடுத்த நாள் தட்டினார். "ஓம்" என்றேன்.

ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. இன்று இஞ்சித் தேநீர் கொஞ்சம் அதிகமாய்ப் போட்டுவிட்டேன். ஊற்றிக் கொட்டுவதா? அவருடைய மேசை ஓரத்தில் வைத்தேன். குடித்தார். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகும் போட்டிருந்தேன். பின்னேரம் பார்த்தால் என் அடுப்புக்கு அளவான சின்ன விறகு கதவடியில் அடுக்கியிருந்தது. அடுக்கியது ஆர் என்று நான் விசாரிக்கவில்லை.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். தெரியும் என்றால் கதைக்க வேண்டி வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், இங்கிலீசும் சிங்களமும் நானே படித்தேன். நூலகத்து ஒலிநாடாவில் இதையும் படித்தேன். இன்று அவர் சுத்தியலைத் தேடிக்கொண்டே முணுமுணுத்தது "கோவேறு கழுதையைப் போல ஒரு கிழவன்" என்பது. அவர் எனக்கு மூன்று வயது மூப்பு.

ஜனவரி 12, திங்கள்.

கௌரி தன் மத்தியானத் தூக்கத்தை என் மெத்தையில் தூங்க வருகிறாள். பெரிய வீட்டில் அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து படுத்திருக்கிறார்களாம், சத்தம். எழும்பியபின் அவளும் ரெஜானும் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் எனக்காகத் தமிழில் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"அப்பா, இவையின்ர முதல் ஆள் மத்துரேன் எண்டு ஒரு தச்சன். பிரெஞ்சு ராசா காலத்தில கோட்டைக்குக் கதவு, யன்னல் செய்யிறதுக்கெண்டு கப்பலில வந்தவராம். இருநூற்றைம்பது வரியத்துக்கு மேல."

"எங்கட பரம்பரையும் பழசுதான். எங்கட ஊர் அளவெட்டியில கேட்டுப் பார்."

"அதை மாமாவுக்குச் சொல்லட்டோ?"

"சொல்லு."

சொன்னாள். ரெஜான் தலையாட்டினார். தன் கையிலிருந்த பிடியைச் சீவிக்கொண்டே தொடர்ந்தார்.

மத்துரேனுக்குக் காணி கிடைத்தது. வீடு கட்டினான். ஆற்றின் கீழ்க்கரையிலிருந்து மார்கரீத் என்ற பெண்ணைப் பேசினார்கள். தகப்பன் அவளைத் தோணியில் கூட்டிவந்தான். பாறைகள் உள்ள இடத்தில் தோணி கவிழ்ந்து, அவளுடைய சீதனப் பெட்டகம் ஆற்றோடு போய்விட்டது. துணி, ஊசி, கத்தரிக்கோல், தாயின் சால்வை எல்லாம் அதற்குள். நனைந்த சட்டையோடு வாசலில் நின்றாள். வெறுங்கையோடு பிள்ளையை இன்னொரு வீட்டுக்குள் விடமாட்டேன் என்று தகப்பன் அவளைத் திருப்பிக் கூட்டிப்போகப் பார்த்தான்.

"நல்ல மனுசன்," என்றேன். இது என் வாயிலிருந்து தானாக வந்தது.

வெட்டி உலர்ந்த பலகை மத்துரேனிடம் இல்லை. பச்சை மரத்தில் பெட்டகம் செய்ய முடியாது, கோணும். அவன் தன் வீட்டுக் கதவைக் கழற்றினான். அந்தக் கதவுப் பலகையிலேயே பெட்டகம் செய்தான். அந்தப் பனிக்காலம் முழுவதும் வாசலில் கரடித்தோல்தான் தொங்கிற்றாம்.

"பிறகு?" என்று கேட்டாள் கௌரி.

ரெஜான் என்னை ஒருமுறை பார்த்தார். சீவுளியை வைத்துவிட்டு, விறகு எடுக்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். விறகு அடுப்படியிலேயே நிறையக் கிடந்தது. கதையை நடுவில் விட்டுப் போவது என்ன பழக்கம்?

ஜனவரி 14, புதன். தைப்பொங்கல்.

வெயில் அடித்தது! ஒவ்வொரு கிளையும் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிறது. பார்க்கக் கண் கூசுகிறது. முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கினேன். சர்க்கரைக்கு மேப்பிள் மரத்துச் சர்க்கரை. லூக் கிழக்கு எது என்று கேட்டு ஓடி ஓடி உதவி செய்தார். பொங்கி வழிந்தபோது "பொங்கலோ பொங்கல்" என்று அவர் கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பொங்கினால் அயல் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். என் பட்டறைக்கு அயல் வீடு அந்தப் பெரிய வீடு. அயலார் என்ற முறையில் ஒரு சட்டி நிறையக் கொடுத்துவிட்டேன். வேறு முறை ஒன்றும் இல்லை.

பின்னேரம் சட்டி திரும்பி வந்தது. வெறும் சட்டியாய் அல்ல. மேப்பிள் பாகில் வேகவைத்த அவரைக் கொட்டை. "பன்றி போடேல்ல அப்பா, மாமி உங்களுக்கெண்டு தனியாச் செய்தவா," என்றாள் கௌரி. அயல் வீட்டுப் பலகாரம் சாப்பிடலாம், குற்றமில்லை. இனிப்புக் கொஞ்சம் கூட. ஒரு செத்தல் மிளகாய் தாளித்துப் போட்டால் வெகு திறம்.

ஜனவரி 16, வெள்ளி.

பட்டறையைக் கூட்டினேன். பெட்டிக்குக் கீழேயும் கூட்டலாம் என்று மெத்தையையும் தார்ப்பாயையும் எடுத்தேன்.

அந்தப் பெட்டிதான்.

ஆறரை வருடமாய் ஒருவருக்கும் சொல்லாததை இப்போது எழுதத்தான் வேண்டும். கல்யாண மண்டபத்து வாசல். மேளம் அடிக்கிறது. நான் பன்னீர்ச் செம்போடு நிற்கிறேன். இரண்டு பேர் ஒரு நீளமான பலகைப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பின்னால் ரெஜான் மரச் சுத்தியலோடு. பெட்டியை என் முன்னால் இறக்கி, சுத்தியலை என் கையில் வைத்து, மூடியைக் காட்டி, அடி என்று சைகை செய்கிறார். மகளின் கல்யாண வாசலில், நீளப் பெட்டி, அதற்கு ஆணி அடி என்றால், எந்தத் தகப்பன் என்ன நினைப்பான்? சவப்பெட்டிக்குத்தான் அப்படி அடிப்பது. வெளியே கொண்டுபோகச் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான்.

கௌரி தேநீர் கொண்டு வந்தவள், பெட்டியையும் என்னையும் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியாமலே இதில படுத்திருந்தனீங்கள்?"

"இதை ஏன் இஞ்ச வைச்சிருக்கினம்? அபசகுனம்."

"அப்பா, அது பெட்டகம். அண்டைக்கு மாமா பாதியில விட்ட கதை என்னெண்டு தெரியுமே?" அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். "மத்துரேன் பெட்டகத்தைச் செய்து முடிச்சு, கடைசி மர ஆணியை மட்டும் விட்டுட்டு, சுத்தியலைப் பொம்பிளையின்ர தகப்பனிட்டக் குடுத்தவனாம். தகப்பன் அந்த ஆணியை அடிச்சான். அடிச்சாப்பிறகு ரெண்டு பேரும் இருந்து சாப்பிட்டினம். அண்டையிலயிருந்து இந்த வீட்டுக்கு வாற எந்தப் பொம்பிளைக்கும் மாப்பிள்ளையின்ர தகப்பன் பெட்டகம் செய்யோணும். பொம்பிளையின்ர தகப்பன் கடைசி ஆணி அடிக்கோணும். ஆணி அடிச்சாத்தான் சாப்பாடு. அதுதான் அவை வரேல்ல. நீங்கள் அடிக்கேல்லயே!"

"எனக்கு ஆர் சொன்னது?"

"லூக் சொல்லப் பாஞ்சு வந்தவர். நீங்கள் விட்டாத்தானே, அண்டைக்கும் சரி, பிறகும் சரி. சுத்தியலைக் கார் நிக்கிற இடம்வரைக்கும் எறிஞ்சனீங்கள்."

"வைச்சனான்."

"எறிஞ்சனீங்கள். மாமான்ர சப்பாத்தில பட்டது."

"வாசலுக்குப் பெட்டி கொண்டுவந்தால் முதலே சொல்லோணும். நாங்கள் இலை போட்டுவிட்டு இருக்கிறம் எண்டு அவைக்கு ஆரும் சொன்னதே?"

அவள் தேநீரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. பெட்டகம் என்றால் சதுரமாய் இருக்க வேண்டும், இவ்வளவு நீளம் எதற்கு?

மெத்தையைத் தரையில் போட்டேன்.

ஜனவரி 17, சனி.

தரை குளிர். முதுகு பிடித்துவிட்டது. ரெஜான் இன்று வரவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு.

மெத்தையை மறுபடியும் பெட்டியின் மேல் போட்டிருக்கிறேன். முதுகுக்காக.

ஜனவரி 19, திங்கள்.

கௌரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். அவள் தாய் இருந்த காலத்தில் கோபப்பட்டாலும் இப்படித்தான் நிற்பாள், குரல் உயராது.

"அப்பா, சித்திரையில பிள்ளை பிறக்கும். பிறந்து முப்பத்தோராம் நாள் சடங்கை நான் எங்கட வீட்டில செய்யப்போறன். மாமாவைக் கேட்டன். தன்ர பெட்டகத்தை வெளியில போட்ட மனுசன்ர வீட்டு வாசலை மிதிக்கமாட்டனெண்டு சொல்லிப்போட்டார். நீங்களும் இப்பிடி. சரி. ரெண்டு பேரும் வந்தால் ரெண்டு பேரும் பிள்ளையைத் தூக்கலாம். ஒராள் வராட்டி, மற்ற ஆளையும் நான் கூப்பிடமாட்டன்."

"நான் உன்ர வீட்டில இருக்கிறவன். என்னை என்னண்டு கூப்பிடாமல் விடுவாய்?"

"அண்டைக்கு மட்டும் சின்னத்துரை அங்கிள் வீட்டில போய் இருங்கோ."

சின்னத்துரை வீட்டில்! அவன் வீட்டில் தேநீருக்குச் சீனியைக் கரண்டியின் நுனியால் போடுகிறவர்கள். என் பேரப்பிள்ளையின் முப்பத்தோராம் நாள் நான் அங்கே?

இவள் சொன்னால் செய்வாள். ஆரைக் கொண்டு பிறந்தவள்.

ஜனவரி 20, செவ்வாய்.

ஜினெட் சூப்புக் கொண்டுவந்தார். சைவ சூப்பு என்று சட்டியைக் காட்டி, ஒரு கரட்டை எடுத்துக் காட்டினார். பிறகு போகாமல் அடுப்படியில் இருந்து, எனக்கு விளங்காது என்ற எண்ணத்தில், கோழிக்குக் கதை சொல்வதுபோல் தனக்குத்தானே கதைத்துக்கொண்டிருந்தார்.

தன் மனிதன் காலையிலிருந்து ஒரு கோடரிப் பிடியைச் சீவிச் சீவிப் பல்லுக் குத்தும் குச்சியாக்கிவிட்டானாம். கல்யாணத்துக்கு முந்தின பனிக்காலம் முழுவதும் இந்தப் பெட்டகத்தைச் செய்தானாம். கௌரி ஊரிலிருந்து கொண்டுவந்த சேலைகள் நீளமானவை, மடிக்காமல் வைக்க வேண்டும் என்று லூக் சொன்னதால் இவ்வளவு நீளமாய்ச் செய்தானாம்.

சேலைக்காக நீளம்.

ஜினெட் சுவரைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "இந்தக் கிழவனுக்கு எங்கள் வீடு வேண்டாமாம். பாவம், அவர் வந்து குந்தியிருப்பதுதான் மத்துரேன் கட்டிய வீடு. அந்தப் பெரிய வீட்டை என் மாமனார் கட்டினார். நான் கல்யாணமாகி வந்தபோது முதலில் கூட்டிவந்தது இந்த வாசலுக்குத்தான். என் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். எல்லாப் பெண்களும் அப்படித்தான். கௌரிக்குத்தான் அது நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பனிக்கட்டி நடத்திவைத்துவிட்டது."

"இதை எனக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும்!" என்றேன்.

பிரெஞ்சில் சொல்லிவிட்டேன்.

ஜினெட்டின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "ரெஜான் இரண்டு கிழமையாக உங்களைப் பற்றி என்னவெல்லாம் சொன்னான்!" என்றார்.

"கோவேறு கழுதை. கேட்டேன்."

"அது நல்ல நாளில் சொன்னது."

ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார். பெரிய வீட்டுக் கதவு சாத்துமுன்பே அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஜனவரி 23, வெள்ளி.

மொன்றியலில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்துவிட்டதாம். திங்கட்கிழமை போகலாம் என்கிறார் லூக். தெரு சறுக்கும், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றேன். "தெருவெல்லாம் உப்புப் போட்டாச்சு மாமா," என்கிறார். எதற்கும் பதில் வைத்திருக்கிறார்.

நாள் முழுவதும் யோசித்தேன். பொம்பிளை வீட்டார்தான் சம்பந்தக் கலப்புக்கு அழைக்க வேண்டும். தன் வீட்டுக்கு அழைக்க வேண்டும். மொன்றியலுக்கு அழைத்தால் அவர் வரமாட்டார். ஆனால் நான் குடியிருக்கிற வீடு இப்போது எது? என் அடுப்பு எரிவது எங்கே? பிள்ளையார் இருப்பது எங்கே? பொங்கியது எங்கே? அப்படியென்றால் நான் அழைக்கலாம். இது விட்டுக்கொடுத்தல் அல்ல. முறை.

ஜனவரி 24, சனி.

வேட்டி கட்டினேன். உள்ளே கம்பளிக் காற்சட்டை. தட்டத்தில் குங்குமம், விபூதி, ஆப்பிள், கற்கண்டு. வெற்றிலைக்கு இந்த நாட்டில் எங்கே போவது? முற்றத்தைத் தாண்டிப் போய்ப் பெரிய வீட்டுக் கதவைத் தட்டினேன்.

ரெஜான் திறந்தார். பின்னால் லூக், கௌரி, அயலார் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயா," என்றேன் பிரெஞ்சில், "நாளை மத்தியானம் நீங்களும் உங்கள் குடும்பமும் என் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும்."

கௌரி வாயைப் பொத்திக்கொண்டாள். லூக் "மாமா!" என்றார். ரெஜான் ஆச்சரியப்படவில்லை. ஜினெட் சொல்லியிருக்கிறார் என்று அப்போதே தெரிந்தது.

"உன் வீடா? அது என் வீடு," என்றார்.

"நான் குடியிருக்கிறேன்."

"நான் குடியிருக்கவிட்டேன்."

"அப்படியென்றால் என்னை வெளியே போகச் சொல். சொல்லாதவரை அது என் வீடு. நாளை மத்தியானம்."

"ஆணி?"

"முதலில் சாப்பாடு."

"முதலில் ஆணி. மத்துரேன் காலத்திலிருந்து அப்படித்தான்."

"என் பக்கம் அதற்கு முந்தின காலத்திலிருந்து சாப்பாடுதான்."

"கதவைச் சாத்துங்கள் இரண்டு பேரும்!" என்று உள்ளேயிருந்து ஜினெட் கத்தினார். "இருந்த சூடெல்லாம் போகிறது!"

ரெஜான் தட்டத்தைப் பார்த்தார். கற்கண்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். "இது என்ன, பனிக்கட்டியா?" என்றார்.

"கடித்துப் பார்."

கடித்தார். "வருகிறேன்" என்று சொல்லவில்லை. ஆனால் தட்டத்தை வாங்கிக்கொண்டார். எடுத்தால் சம்மதம். அது அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஜனவரி 25, ஞாயிறு.

சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், கரட் சம்பல், ரசம், பாயசம், அப்பளம். கௌரி உரித்தாள், லூக் வெட்டினார். மற்றதெல்லாம் நான்.

மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். வாசலுக்குப் போய், "வாங்கோ சம்பந்தி" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அதைப் பிரெஞ்சில் சொல்ல ஒரு சொல் என்னிடம் இல்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து உள்ளே வந்தார். ஒரு கையில் மரச் சுத்தியல். மறு கையில் அன்றைக்கு அடிக்காமல் விட்ட அந்தப் பழைய மர ஆணி.

பிடிவாதக்காரர். நானும் பந்திப் பாயை விரித்துவிட்டு நின்றேன். அவர் ஆணியைத் துளையில் வைத்துப் பார்த்தார். போகவில்லை. இந்த ஆறரை வருடத்தில் மரம் சுருங்கித் துளை ஒருபக்கம் ஒடுங்கிவிட்டது. வட்ட ஆணி இனி இதில் இறங்காது, புதிது செதுக்க வேண்டும், நேரம் எடுக்கும் என்றார்.

"சோறு ஆறும்," என்றேன்.

"ஆணி இல்லாமல்..."

"ஆணி செதுக்கும்வரை பசியோடு இருக்கச் சொல்லி மத்துரேன் சொன்னானா?"

அவர் யோசித்தார். மத்துரேன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லைப் போலும். பாயில் இருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு சம்மணம் கட்டவில்லை, கால்களை நீட்டிக்கொண்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். அடுத்து ஜினெட், லூக். ஒரே பந்தி. பரிமாறியது கௌரி. அவள் இடைக்கிடை அடுப்புப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தாள். புகை என்றாள். புகை ஒன்றும் இல்லை.

சம்பந்தியார் கரண்டி கேட்கவில்லை. கையால் சாப்பிட்டார். ரசம் முழங்கைவரை ஓடிற்று. இரண்டாம் தரம் பாயசம் கேட்டார். உருளைக்கிழங்குக்கு உப்புக் குறைவு என்றார். குறைவில்லை.

சாப்பிட்டபின் அடுப்படியில் இருந்து ஆணி செதுக்கினார். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஒருமுறை செதுக்கி, வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடியும் செதுக்கி. அந்த நேரத்தில் கதைத்தோம். அவர் தகப்பனைப் பற்றி, என் தகப்பனைப் பற்றி. அவர் தகப்பனும் இந்தப் பட்டறையில் அவரை அடித்திருக்கிறார். பின்னேரம் ஆணி சரிவந்தது. சுத்தியலை என் கையில் வைத்தார்.

அடித்தேன். ஆணி இல்லாத பெட்டகம் நாளைக்கு ஆட்டம் கொடுக்கும், பிள்ளையின் உடுப்பு வைக்க உதவாது. அதற்காகத்தான்.

பெப்ரவரி 8, ஞாயிறு. மொன்றியல்.

சம்பந்தியார் சொல்லாமல் கொள்ளாமல் லொறியில் வந்து இறங்கினார், ஜினெட்டோடும் பெட்டகத்தோடும். எங்கள் வீடு மேல்மாடி. வெளிப்படிக்கட்டு வளைந்து வளைந்து ஏறும், அதில் பனி வேறு. நான் மேல்முனை, அவர் கீழ்முனை. வளைவில் பெட்டகம் சிக்கிவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. "உன் பக்கம் தூக்கு!" "உன் பக்கம் இறக்கு!" என்று இரண்டு பேரும் தெருவே கேட்கக் கத்தினோம்.

கீழ்வீட்டுப் பரிமளம் அக்கா கதவைத் திறந்தார். பெட்டியைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துவிட்டார். "ஐயோ, என்ர கடவுளே! ஆரைத் தூக்குறியள்?"

"கண் தெரியேல்லயே? பெட்டகம்! மருமகளுக்கு மாமன் செய்தது. சேலைக்காக நீளம்," என்றேன். பார்க்கத் தெரியாத சனம்.

யன்னல் வழியாகத்தான் கடைசியில் ஏற்ற முடிந்தது. ஒரு கீறல் விழுந்தது. அது அவர் பக்கத்தில்.

சாப்பிட்டபின் சித்திரை மாதக் காரியம் பற்றிக் கதைத்தோம். முப்பத்தோராம் நாள் பிள்ளையை முதலில் தூக்குவது ஆர்? தங்கள் வீட்டுப் பெயரைத்தான் பிள்ளை சுமக்கும், ஆகவே தான் என்கிறார் அவர். பிறக்கும் வீடு என் வீடு, ஆகவே நான் என்கிறேன். ஜினெட்டும் கௌரியும் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார்கள். வெளியே மறுபடி பனி கொட்டுவதால் அவர் இன்று இங்கேயே தங்குகிறார். முடிவு இன்னும் ஏற்படவில்லை. காலையில் தொடரும். நான் விடுவதாய் இல்லை.